ஷெட் டு ஷெட் கணக்கில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சென்னைக்கும் பெங்களூருக்கும் உள்ள தூரத்தை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தீர்கள். விமானத்தில் 290 கி.மீ., சாலையில் 346 கி.மீ., வரப்போகும் விரைவுச்சாலையில் 262 கி.மீ. என்று மூன்றே வரி. பக்கத்தில் ஒரு விமானப் படம், ஒரு கார் படம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று எண்ணும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகிறவை இல்லை. அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கியது தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம்.

நான் ஆம்பூர்க்காரன். 1986-ல் பழைய அம்பாசிடர் ஒன்றை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்து, பிறகு இன்டிகா, குவாலிஸ், கடைசியில் எர்டிகா என்று 33 வருடம் இதே ரோட்டில்தான் பிழைப்பு. கண்ணில் புரை விழுந்ததும் 2019-ல் வண்டியை விற்றுவிட்டேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில், சென்னைக்குச் சுமார் 190, பெங்களூருக்குச் சுமார் 160 என்று உட்கார்ந்திருக்கிற ஊர் எங்களுடையது. பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாவிட்டால் ஆம்பூர்க்காரன் என்று நம்பமாட்டீர்கள் என்பதால், சீரக சம்பா அரிசி, பக்கத்தில் எண்ணெய்க் கத்திரிக்காய், எழுதிவிட்டேன்.

எங்கள் தொழிலில் தூரத்தை 'ஷெட் டு ஷெட்' என்று சொல்வோம். வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது மீட்டரில் என்ன எண் இருக்கிறதோ அது ஓப்பனிங். திரும்ப ஷெட்டுக்குள் வந்து நின்றதும் இருக்கிற எண் குளோசிங். இரண்டையும் டிரிப் ஷீட்டில் எழுதி, கழித்து, அதற்குத்தான் காசு. பார்ட்டி ஏறின இடம், இறங்கின இடம், வரைபடத்தில் போட்டிருக்கிற தூரம் எதுவும் அதில் வராது. கேட்பவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். ஓட்டினவனுக்கு இதைவிட நியாயமான கணக்கு கிடையாது.

1997 என்று நினைவு. இங்கே ஒரு ஷூ கம்பெனியில் வெளிநாட்டு வியாபாரி ஒருவரைப் பெங்களூர் அழைத்துப்போய் வரச் சொன்னார்கள். டிரிப் ஷீட்டில் 372 என்று போட்டுக் கொடுத்தேன். கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஆம்பூர் டு பெங்களூர் 160. போக வர 320. மீதி 52 எங்கப்பா போச்சு?" என்றார். ஷெட்டிலிருந்து விருந்தினர் விடுதி, அங்கே அவர் மறந்து வைத்துவிட்ட பைலுக்காக வாணியம்பாடியிலிருந்து ஒரு யூ டர்ன், பெங்களூர் போனதும் கமர்சியல் ஸ்ட்ரீட், சிவாஜி நகர், ஒருவழிப் பாதையில் மூன்று சுற்று, எல்லாம் சொன்னேன். "அதெல்லாம் மேப்பில் இல்லையே" என்று 20 கி.மீ. அடித்துவிட்டார். "சார், வண்டி பறந்து வரல, உருண்டு வந்துச்சு" என்றேன். சிரித்தார். ஆனால் அடித்தது அடித்ததுதான். உங்கள் பெட்டிச் செய்தியைப் பார்த்ததும் அந்த மூக்குக்கண்ணாடிதான் ஞாபகம் வந்தது.

மீட்டரும் சத்தியவான் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டயர் தேய்ந்தால் சக்கரத்தின் சுற்றளவு குறைகிறது. அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், மீட்டர் கூடக் காட்டும். புது டயருக்கும் வழுக்கை டயருக்கும் நூற்றுக்கு இரண்டு வித்தியாசம் வந்தால்கூட, சென்னை – பெங்களூர் ஒரு நடையில் ஏழு கி.மீ. வந்துவிடும். ஸ்டாண்டில் சில பேர் டயர் மாற்றாமல் ஓட்டினதற்கு அதுவும் ஒரு காரணம். நான் மாற்றிவிடுவேன். மழைக்காலத்தில் பள்ளிகொண்டா பக்கம் ஒருமுறை வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றதிலிருந்து.

இப்போது உங்கள் முதல் எண்ணுக்கு வருகிறேன்.

290 என்பது வரைபடத்தில் சென்னை என்று ஒரு புள்ளி, பெங்களூரு என்று ஒரு புள்ளி வைத்து நூல் பிடித்தது. அதாவது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பெங்களூர் நடுவில் இருக்கிற மெஜஸ்டிக் பக்கம் வரைக்கும். அங்கிருந்து அங்கே எந்த விமானமும் பறக்கவில்லை. மீனம்பாக்கத்தில் ஏறி தேவனஹள்ளியில் இறங்குகிறோம். அந்த இரண்டுக்கும் நூல் பிடித்தால் 268-தான் வரும். ஆக, விமானத்துக்கு 22 கி.மீ. அதிகமாகவே கொடுத்துவிட்டீர்கள். அதே சமயம் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போவதையும், தேவனஹள்ளியிலிருந்து ஊருக்குள் வருவதையும் ஒரேயடியாக விழுங்கிவிட்டீர்கள். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும் என்பதால் கடல்காற்று அடிக்கிற நேரத்தில் மீனம்பாக்கத்திலிருந்து முதலில் கிழக்கே கடலைப் பார்க்கப் போய், அப்புறம்தான் மேற்கே திரும்புகிறது. அந்தச் சுற்றையெல்லாம் நான் சேர்க்கவில்லை. நூல் பிடித்த கணக்கே போதும்.

2013 ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னை பெரியமேட்டில் தோல் வியாபாரம் செய்கிற ஒரு குடும்பம். எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளோடு அவர்களுக்குத் தலைமுறைத் தொடர்பு. அக்காள் மகனுக்கு நிக்காஹ், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி பொம்மசந்திராவில் மண்டபம், காலை 11 மணிக்கு. பெரிய பாய்க்கு முழங்கால் வலி, விமானத்தில் வருவதாகச் சொல்லிவிட்டார். சின்ன பாய் என் வண்டியில். இரண்டு பேரும் சுபுஹு தொழுதுவிட்டு, ஒரே வாசலில், ஒரே நேரத்தில், 5.20-க்குக் கிளம்பினார்கள். பெரிய பாய் போகிற டாக்சியின் கண்ணாடியைத் தட்டி சின்னவர், "அண்ணே, நிக்காஹ் முடிஞ்சு ஒங்களுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கணுமா?" என்று கிண்டல் செய்தார். பெரியவர், "நான் போய் உனக்கு ரோஸ் மில்க் ஊத்தி வைக்கிறேன், மெதுவா வா" என்றார்.

எங்கள் வண்டி ஸ்ரீபெரும்புதூரில் 6.05. வேலூரில் 7.25. ஆம்பூரில் என் வீட்டு வாசலில் 8.05. என் மனைவி டீ கொடுத்தாள், சின்ன பாய் முகம் கழுவிக்கொண்டார், 20 நிமிடம் போய்விட்டது. கிருஷ்ணகிரி 9.30. ஓசூர் தாண்டி கர்நாடகத்துக்குப் பெர்மிட் போட வரிசையில் நின்று, அத்திப்பள்ளி டோல்கேட் கடந்து, மண்டப வாசலில் 10.50. மீட்டரில் 319.

பெரிய பாய் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது, சரியான நேரத்துக்கு இறங்கியது. விமானத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. 8.40-க்குத் தரை தொட்டுவிட்டது. அப்போது நாங்கள் வாணியம்பாடிகூடத் தாண்டவில்லை. பெட்டி வந்து, வெளியே வந்து, டாக்சி பிடித்து 9.10-க்குக் கிளம்பியிருக்கிறார். ஹெப்பாளம் மேம்பாலத்தில் ஆரம்பித்தது. ஆபீஸ் நேரம். சின்ன பாய் போன் போட்டு "எங்கே வந்துட்டீங்க?" என்று கேட்டபோது அந்தப் பக்கத்திலிருந்து, "ஏதோ ஒரு ஏரி தெரியுது, அரை மணி நேரமா அதே ஏரிதான் தெரியுது" என்று பதில் வந்தது. சில்க் போர்டு சிக்னலில் இன்னொரு அரைமணி. 11.40-க்கு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. சின்னவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ரோஸ் மில்க் கிளாஸை நீட்டினார்.

நான் அன்று ராத்திரி திரும்பி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியமேட்டிலிருந்து மீனம்பாக்கம் 19. ஆகாயத்தில் 268. தேவனஹள்ளியிலிருந்து பொம்மசந்திரா சுமார் 60. மொத்தம் 347. விமானத்தில் போனவர் காரில் போனவரைவிட 28 கி.மீ. அதிகம் பயணம் செய்திருக்கிறார். இதை எந்தப் பெட்டிச் செய்தியில் போடுவீர்கள்?

பெங்களூரின் வடக்கே எலகங்கா பக்கம் கல்யாணமாக இருந்தால் பெரிய பாய் ஜெயித்திருப்பார், அதை மறைக்கவில்லை. தாம்பரத்திலிருந்து எலகங்கா போகிறவருக்கு விமானம்தான் பக்கம். அண்ணா நகரிலிருந்து ஓசூர் ரோட்டில் வேலை செய்யப் போகிற பையனுக்குக் கார்தான் பக்கம். ஊர்ப் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டு பேருக்கும் ஒரே தூரம் ஆகிவிடுமா?

பெங்களூரில் பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் இருந்தவரை நிலைமை வேறு. எம்.ஜி. ரோட்டிலிருந்து பத்து கி.மீ. சவாரி. 2008 மே மாதம் தேவனஹள்ளி திறந்ததும் பயணிகள் விமானம் எல்லாம் அங்கே போய்விட்டது, அது மெஜஸ்டிக்கிலிருந்தே 35-க்கு மேல். ஆகாய தூரம் குறைந்ததா என்றால் குறைந்தது. எச்.ஏ.எல்.லைவிடத் தேவனஹள்ளி சென்னைக்குக் கொஞ்சம் பக்கம்தான். ஆனால் ஓசூர் ரோட்டுப் பக்கம் இருக்கிறவனுக்குச் சென்னையே ஒரு தாலுகா தள்ளிப் போன மாதிரி ஆகிவிட்டது. எங்களுக்கு என்னவோ அது நல்ல காலம். அந்த வருடத்தில்தான் "ஏர்போர்ட் போறதுக்குப் பதிலா நேரா சென்னைக்கே விட்டுடுங்க" என்று பார்ட்டிகள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இனிமேல் வேடிக்கை இன்னும் கூடும். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் என்று 2022-ல் அறிவித்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. ஏகனாபுரத்து மக்கள் நிலத்தைத் தரமாட்டோம் என்று உட்கார்ந்திருப்பதை நீங்களும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் ஒரு விமான நிலையம் என்று அறிவித்தார்கள். தேவனஹள்ளி ஒப்பந்தத்தில் 150 கி.மீ. தூரத்துக்குள் 2033 வரை வேறு புது விமான நிலையம் வரக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது, மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. அதை எப்படித் தாண்டுவார்கள் என்பது அவர்கள் பாடு. இரண்டும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பரந்தூரில் ஏறி ஓசூரில் இறங்கினால் ஆகாய தூரம் 200 கி.மீ.யை ஒட்டி வந்துவிடும். அன்றைக்கு உங்கள் இணைப்பில் "சென்னை – பெங்களூரு 90 கி.மீ. குறைந்தது" என்று போடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. சென்ட்ரலும் மெஜஸ்டிக்கும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

தூரத்தை அளப்பது என்றால் என்ன என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பார்ட்டிதான். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். 2009-ல் பெங்களூரிலிருந்து சென்னைக்கு ஏறினார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. பூந்தமல்லி வந்ததும், "வீட்டுக்கு அப்புறம் போகலாம், முதலில் பரங்கிமலைக்கு விடுப்பா" என்றார். மாதா கோயிலுக்கு நேர்ச்சை போல என்று நினைத்தேன். மேலே போனதும் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று, கீழே தெரிந்த விமான நிலைய ஓடுபாதையையும் தெற்கே பெரும்பாக்கம் பக்கத்தையும் காட்டினார். 1802-ல் லாம்ப்டன் என்கிற அதிகாரி இந்த மலையின் அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஏழரை மைலை 100 அடிச் சங்கிலியால் அளந்தாராம். சங்கிலியை 400 தடவை போட்டு எடுத்திருக்கிறார்கள். 57 நாள் ஆகியிருக்கிறது. வெயில் பட்டால் இரும்பு நீளும் என்று சங்கிலிக்குக் கூடாரம் போட்டு நிழல் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏழரை மைலுக்கு 57 நாளா? நான் பத்து நிமிஷத்துல போயிடுவேனே சார்" என்றேன்.

"நீ போயிடுவே. ஆனா ஏழரை மைல்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அந்த ஏழரை மைலை அடிக்கோடாக, அதாவது கணக்குக்கு அடிப்படை நீளமாக வைத்துக்கொண்டு, கோணங்களை அளந்து மலை உச்சிக்கு மலை உச்சி முக்கோணம் போட்டுக்கொண்டே மேற்கே போயிருக்கிறார்கள். 1804-ல் பெங்களூர் பக்கத்தில் இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியாலேயே அளந்து, முக்கோணக் கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டால் சில அங்குலம்தான் வித்தியாசமாம். அப்படியே மங்களூர் வரைக்கும் போய் முடித்தபோது, கடலுக்குக் கடல் 400 மைல் என்று அதுவரை வரைபடத்தில் இருந்தது 360 மைல்தான் என்று தெரிந்ததாம். நாற்பது மைல் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது. என் 20 கி.மீ.யை அடித்த கணக்குப்பிள்ளை அந்தக் காலத்திலும் ஒருவர் இருந்திருப்பார் போலிருக்கிறது என்று சொன்னேன். பெரியவருக்கு விளங்கவில்லை, கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் சொன்ன இன்னொன்று. சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. ஒன்றுக்கு நேர் மேற்கே இன்னொன்று. அதனால் சென்னையில் சூரியன் உதித்து ஏறக்குறைய 11 நிமிடம் கழித்துத்தான் பெங்களூரில் உதிக்கும். வெயில் மட்டும்தான் இந்தத் தூரத்தை டோல் கட்டாமல் நேராகப் போகிறது என்றார்.

நானும் ஒருமுறை பறந்திருக்கிறேன். 2018-ல் மகள் டிக்கெட் போட்டாள், தேவனஹள்ளியிலிருந்து சென்னைக்கு. அவள் ஹெப்பகோடியில் இருக்கிறாள், அங்கிருந்து தேவனஹள்ளி போய்ச் சேர இரண்டே கால் மணி நேரம். அந்த நேரத்தில் ஆம்பூர் போயிருப்பேன் என்று வாய்வரை வந்தது, ஆசையாகப் போட்டுக் கொடுத்திருக்கிறாளே என்று அடக்கிக்கொண்டேன். ஜன்னல் சீட்டுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். முப்பது வருடமாகக் கீழே இருந்து ஓட்டின ரோட்டை மேலே இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. பாலாற்று மணல், பைபாஸ் பாலம், எங்கள் தெரு மசூதி மினார் ஏதாவது தெரியாதா? மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காடு தெரிந்தது, ஏரிகள் தெரிந்தன, ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கி மூடியைத் திறப்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பேரனின் அட்லஸில் அளவுகோலை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த நேர்கோடு பலமநேருக்குத் தெற்கே ஆந்திராவுக்குள்ளே போகிறது. ஆம்பூர் அதற்கு 35 கி.மீ. தெற்கே. சென்னையைப் பார்க்கப் பறந்தால் வலது பக்கம். நான் உட்கார்ந்திருந்தது இடது பக்கம்.

உங்கள் மூன்றாவது எண்தான் எனக்கு ரொம்பவும் உறுத்தியது. 262. விரைவுச்சாலை வந்தால் 346 என்பது 262 ஆகிவிடும், 84 கி.மீ. மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 மே 26-ல் அடிக்கல் நாட்டிய அந்தச் சாலை எங்கே தொடங்குகிறது? ஹொசகோட்டையில். எங்கே முடிகிறது? ஸ்ரீபெரும்புதூரில். ஹொசகோட்டையிலிருந்து மெஜஸ்டிக் போக இன்னும் சுமார் 28 கி.மீ. இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்ட்ரல் போக இன்னும் சுமார் 40. மூன்றையும் கூட்டினால் 330. அப்போது மிச்சமாவது 16 கி.மீ. 84-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஆம்பூரிலிருந்து கிருஷ்ணகிரி போய்விடலாம் சார். 346 என்பது ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவு. 262 என்பது ஊர் எல்லையிலிருந்து இன்னொரு ஊர் எல்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாமா? எங்கள் ஸ்டாண்டில் புதிதாக வருகிற கிளீனர் பையன்கூட டிரிப் ஷீட்டில் அப்படி எழுதமாட்டான்.

நேரம் மிச்சமாகும், அதில் சந்தேகமில்லை. மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்குப் போட்ட ரோடு. கர்நாடகப் பக்கம் ஹொசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை சுமார் 71 கி.மீ. திறந்ததும் என் மாப்பிள்ளை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கணும், வேற வேலையே இல்ல" என்றார். எனக்கு அது ரோட்டுக்குச் சொன்ன பாராட்டாகத் தெரியவில்லை. ஆனால் நேரம் குறைவதற்கும் தூரம் குறைவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. எங்கள் ரோட்டில் பைபாஸ்கள் வந்தபோது தூரம் கூடித்தான் போனது, ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமே. நேரம் குறைந்தது. 1986-ல் ஒவ்வொரு ஊர் பஜாரிலும் நுழைந்து, மாட்டுவண்டிக்கு ஒதுங்கி, சென்னையிலிருந்து பெங்களூர் எட்டு மணி நேரம். நாற்கரச் சாலை வந்தபின் ஐந்தரை ஆறு. இப்போது அந்த மிச்சத்தையும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாவுக்கும் நடுவே ஆறு வழியாக்குகிற வேலை வருடக்கணக்கில் தின்றுகொண்டிருக்கிறது.

அந்த விரைவுச்சாலை பலமநேர், சித்தூர் வழியாகத்தான் போகிறது. நான் பார்த்து ஏமாந்தேனே, அந்த விமானக் கோட்டின் கீழேயே கிட்டத்தட்ட. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி, பர்கூர், கிருஷ்ணகிரி, சூளகிரி எதுவும் அதில் இல்லை. இந்த ஊர்களில் இருந்து தினமும் செருப்பும் தோலும் மாம்பழமும் பூவும் இரண்டு பக்கமும் போகின்றன. எங்களுக்குச் சென்னை – பெங்களூர் ஆகாய தூரம் 268 ஆக இருந்தால் என்ன, 200 ஆக இருந்தால் என்ன? ஆம்பூரிலிருந்து மீனம்பாக்கமும் தேவனஹள்ளியும் ஏறக்குறைய ஒரே தூரம். எதில் ஏறினாலும், ஏறப் போகிற தூரத்தில் போக வேண்டிய இடத்துக்கே போய்விடலாம். பெட்டிச் செய்திக்கு நாங்கள் நடுவில் இருக்கிற வெள்ளை இடம்.

ரயிலை ஏன் விட்டுவிட்டீர்கள் என்பதும் விளங்கவில்லை. இருப்புப்பாதையில் 362 கி.மீ., மூன்றிலும் அதிகம். காட்பாடி, ஜோலார்பேட்டை வந்து, அங்கிருந்து வடமேற்கே வளைந்து குப்பம், பங்காருபேட்டை வழியாகப் போகிறது. ஆனால் அது ஒன்றுதான் சென்னை நடுவில் ஏற்றி பெங்களூர் நடுவில் இறக்குகிறது. 1964-ல் வந்த பிருந்தாவன் முதல் 2022 நவம்பரில் வந்த வந்தே பாரத் வரைக்கும் அதே சென்ட்ரல், அதே மெஜஸ்டிக். வந்தே பாரத்தில் நாலரை மணி நேரம் என்றால் அது நாலரை மணி நேரம்தான், முன்னும் பின்னும் ஒட்டுப்போட வேண்டியதில்லை. சொந்தத் தொழிலுக்குத் துரோகமாக எழுதுகிறேன் என்று ஸ்டாண்டில் திட்டுவார்கள். திட்டட்டும், நான்தான் வண்டியை விற்றுவிட்டேனே.

பேருந்துக்கும் இதே கதைதான் வரப்போகிறது. தென்மாவட்டப் பேருந்துகளைக் கிளாம்பாக்கத்துக்கு அனுப்பின மாதிரி, எங்கள் பக்கத்துப் பேருந்துகளுக்குப் பூந்தமல்லிக்கு அப்பால் குத்தம்பாக்கத்தில் நிலையம் எழும்புகிறது. பெங்களூர் டிக்கெட்டில் கி.மீ. குறையும். குத்தம்பாக்கத்திலிருந்து வண்ணாரப்பேட்டை போகிறவர் மிச்சத்தைத் தனியாகக் கொடுப்பார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்தமுறை தூரம் போட்டால் எங்கிருந்து எதுவரை என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். சென்ட்ரலில் தொடங்கினால் எல்லாவற்றையும் சென்ட்ரலிலேயே தொடங்குங்கள். விமானத்துக்கு ஓடுபாதைக்கு ஓடுபாதை என்று வைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, பக்கத்திலேயே இரண்டு பக்கத்துத் தரைத் தூரத்தையும் போடுங்கள். 262-ஐ மட்டும் தயவுசெய்து திருத்தம் வெளியிட்டு மாற்றுங்கள். எங்கள் ஊரில் நான்கு பேர் ஏற்கெனவே "இனிமேல் பெங்களூர் 84 கி.மீ. பக்கம்" என்று டீக்கடையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதில் ஒருவருக்கு அந்தச் சாலை எந்த மாநிலத்தின் வழியாகப் போகிறது என்பதே தெரியவில்லை.

உங்கள் நிருபர் யாராவது நேரில் அளந்து பார்க்க விரும்பினால் மாப்பிள்ளையின் வண்டி இருக்கிறது. டயர் புதுசு. ஷெட் டு ஷெட் கணக்கு, டோலும் பேட்டாவும் தனி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வாடகைக் கார் ஓட்டுநர் (ஓய்வு), ஆம்பூர்.

பி.கு.: அதே பெட்டியின் சின்ன வரைபடத்தில் ஆம்பூரை வேலூர் மாவட்டம் என்று குறித்திருக்கிறீர்கள். 2019 நவம்பரிலிருந்து நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம். திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.